இரண்டு பிள்ளைகளின் பெயரில்

அந்தோனியோ விவால்டி பிறந்தது வெனிஸில். 1741 ஜூலையில் இறந்தது வியன்னாவில். அங்கேயே எளிய சடங்கோடு புதைத்துவிட்டார்கள். அவர் தம் கைப்பட எழுதிய இசையில் பெரும்பகுதி இந்த இரண்டு ஊரிலும் இல்லை. இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும் டூரின் நகரத்து நூலகம் ஒன்றில் இருக்கிறது. இருபத்தேழு தொகுதிகள், சுமார் 450 படைப்புகள். நான் டூரினுக்குப் போனது அதற்காகத்தான். கார் தொழிற்சாலைகளையும் இயேசுவின் புனிதத் துணியையும் பார்க்க வருகிறவர்கள் பலர். இந்த நூலகம் எங்கே என்று விடுதியில் கேட்டபோது அவர்கள் வரைபடத்தை விரித்துத் தேட வேண்டியிருந்தது.

டூரின் நடப்பவர்களுக்கு ஏற்ற ஊர். நேர்கோட்டுத் தெருக்கள், தெருவோரமெல்லாம் தூண் வரிசையோடு கூரை வேய்ந்த நடைபாதைகள். மழை பெய்தாலும் போ நதிக்கரையிலிருந்து ஊர் நடுவரை நனையாமல் வந்துவிடலாம். காலை பத்து மணிக்கு அந்த நடைபாதைக் கடை ஒன்றில் ‘பிச்செரின்’ குடித்தேன்: காபி, உருக்கிய சாக்லேட், மேலே பாலேடு, கண்ணாடிக் கோப்பையில் மூன்றும் மூன்று அடுக்காக நிற்கின்றன. கலக்காமல் குடிக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார் கடைக்காரர்.

தேசியப் பல்கலைக்கழக நூலகம் பியாட்சா கார்லோ ஆல்பெர்தோ என்ற சதுக்கத்தில் இருக்கிறது. நடுவில் குதிரைமேல் மன்னர் கார்லோ ஆல்பெர்தோவின் சிலை. தத்துவவாதி நீட்சே மனம் குலைந்து விழுந்தது 1889 ஜனவரியில், இந்தச் சதுக்கத்தில்தான் என்று சொல்வார்கள்; அவர் குடியிருந்த வீடு இதன் மூலையிலேயே இருக்கிறது. நூலகம் அப்போது இங்கே இல்லை. போ தெருவில் இருந்த பழைய கட்டடத்தில் 1904 ஜனவரியில் தீப்பிடித்து, இடைக்காலச் சுவடிகள் உட்பட ஆயிரக்கணக்கான நூல்கள் எரிந்தும் கருகியும் போயின. அந்தக் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த நூலகம் அது என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்த கதையின் கனம் தெரியும்.

நூலகத்தில் எனக்குக் கிடைத்தவை விவால்டி பிரதிகளை முழு அளவில் எடுத்த படிம நகல்கள். மூலத்தைப் புரட்டும் வாய்ப்பு கிடைக்காததில் எனக்குக் குறையில்லை. முந்நூறு ஆண்டுக் காகிதம் அது; வந்தவரெல்லாம் தொட்டால் அடுத்தவருக்கு எதுவும் மிஞ்சாது. படிமத்திலேயே எல்லாம் தெரிகிறது: பழுப்பேறிய மை, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் ஊறி வந்த இடம், அடித்துத் திருத்திய வரிகள்.

முதலில் கேட்டது ‘ஜோர்தானோ 32’ என்று குறித்த தொகுதி. விவால்டியின் புகழ்பெற்ற ‘குளோரியா’, இன்று உலகமெங்கும் தேவாலயப் பாடகர் குழுக்கள் பாடுகிற அந்த இசை, இந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. அகலவாக்கில் நீண்ட தாள். பக்கத்துக்குப் பத்து ஐங்கோட்டு வரிசைகள். பல முனைகள் கொண்ட கருவியை மையில் தோய்த்து ஒரே இழுப்பில் போட்டவை. வெனிஸ் ஆலைக் காகிதத்தில் பெரும்பாலும் மூன்று பிறைநிலா நீர்க்குறி இருக்கும். கிழக்கே துருக்கியச் சந்தைக்குப் போகும் சரக்கு என்பதால் வந்த குறி அது. கோடு போட்ட விதத்தையும் காகிதத்தின் குறியையும் ஒப்பிட்டே எந்தப் படைப்பு எந்த ஆண்டு வாக்கில் எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். விவால்டி தேதி போடுகிற ஆளில்லை.

எழுத்தைப் பார்த்ததும் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. சுருதிக் குறிகள் எல்லாம் முன்னோக்கிச் சாய்ந்து ஓடுகின்றன. இரண்டாம் வயலினும் முதல் வயலினும் ஒன்றையே வாசிக்கும் இடங்களில் அந்த வரியை அப்படியே காலியாக விட்டு, மேலே உள்ளதைப் பார்த்துக்கொள் என்பதற்கு ஓர் அடையாளம் மட்டும் போட்டிருக்கிறார். மிச்சத்தை நகலெடுப்பவர் பார்த்துக்கொள்வார். நகலெடுப்பவர் பிரதி எடுக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் தம்மால் ஒரு கொஞ்செர்த்தோ எழுதிவிட முடியும் என்று பிரெஞ்சுப் பயணி ஒருவரிடம் அவர் பெருமையடித்துக்கொண்டதுண்டு. இந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது அதை நம்பத் தோன்றுகிறது.

குளோரியாவின் கடைசிப் பகுதி அவர் சொந்தமாக எழுதியது அல்ல. ஜோவன்னி மரியா ருஜ்ஜியெரி என்பவர் 1708இல் எழுதிய ஒரு குளோரியாவின் முடிவை எடுத்துத் தம் தேவைக்கு மாற்றிக்கொண்டார். அந்த ருஜ்ஜியெரியின் பிரதியும் இதே சேகரிப்பில் இருக்கிறது! விவால்டி எடுத்தாண்ட மூலமும், எடுத்து ஆக்கியதும் ஒரே கூரையின்கீழ். இதைத் திருட்டு என்று யாரும் அந்தக் காலத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு இது ஒரு பட்டறைக்குள் நுழைந்த உணர்வைத் தந்தது. முடிந்த பண்டத்தோடு, பாதி அறுத்த பலகையும் ஓரத்தில் கிடக்கிறது.

1714இல் மேடையேறிய ‘ஒர்லாந்தோ ஃபிந்தோ பாட்சோ’ என்ற இசைநாடகத்தின் பிரதியில், ஒரு பாட்டின் அருகே, இதுவும் பிடிக்காவிட்டால் இனி இசையே எழுத விருப்பமில்லை என்ற பொருளில் அவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். முப்பத்தாறு வயது மனிதர், புதிதாக நாடக உலகத்தில் காலூன்றப் பார்க்கிறார். யாரிடம் சொன்னார்? பாடகரிடமா, அரங்க முதலாளியிடமா, தமக்குத் தாமேவா? அந்த ஒரு வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அச்சில் வந்த பிரதி எதிலும் இது இருக்காது.

‘ஃபோவா 28’ தொகுதியில் ‘யூதித்தா திரியும்ஃபான்ஸ்’ இருக்கிறது. 1716இல், கொர்ஃபூ தீவைத் துருக்கியர் முற்றுகையிட்டு விலகிய வேளையில், வெனிஸ் நகரத்தின் பியெத்தா இல்லத்துக்காக எழுதியது. கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லம் அது. விவால்டி 1703இல் பாதிரியாராகத் திருநிலை பெற்ற கையோடு அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே வளர்ந்த பெண்களே எல்லாப் பாத்திரங்களையும் பாடினார்கள். எதிரிப் படைத்தளபதி ஒலோஃபெர்னெஸின் பகுதியும் ஒரு பெண்ணின் குரலுக்கு எழுதியதுதான். மாண்டலின், வியோலா தமோரே, பெரிய லூட் வகைகள் என்று அவர் கேட்டிருக்கும் வாத்தியங்களின் வகைகளைப் பார்த்தால் அந்தப் பெண்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்று புரிகிறது. ஐரோப்பாவின் அரண்மனைகளிலும் அத்தனையும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

இவ்வளவு கையெழுத்துப் பிரதிகள் அவரிடமே எப்படித் தங்கின? இதற்கான விடை ஓர் ஆங்கிலேயரின் கடிதத்தில் இருக்கிறது. 1733இல் எட்வர்ட் ஹோல்ட்ஸ்வர்த் என்ற பயணி, லண்டனிலுள்ள நண்பர் சார்ல்ஸ் ஜென்னென்ஸுக்காக விவால்டியிடம் இசை வாங்கப் போனார். (பின்னாளில் ஹாண்டலின் ‘மெசையா’வுக்குச் சொற்களைத் தொகுத்துத் தந்தவர் இந்த ஜென்னென்ஸ்.) இனி அச்சுக்குக் கொடுப்பதில்லை, அச்சிட்டால் கையெழுத்துப் பிரதியின் விலை விழுந்துவிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கின்னி தந்தால் தனித்தனியாகத் தருகிறேன் என்றாராம் விவால்டி. ஆம்ஸ்டர்டாமில் 1711இலும் 1725இலும் அச்சான தொகுப்புகளால் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர் அவர். ‘நான்கு பருவங்கள்’ அந்த 1725 அச்சில்தான் வந்தது, அதன் கையெழுத்து மூலம் இன்று எங்கும் இல்லை. ஆகவே டூரினில் இருப்பது ஒரு கலைஞனின் பிழைப்பு முதல். விற்கவும், வாடகைக்கு விடவும், அடுத்த நாடகத்துக்குப் பாட்டு எடுக்கவும் அலமாரியில் அடுக்கி வைத்திருந்த சரக்கு.

அவர் இறந்த பிறகு அந்தச் சரக்கு கைமாறியது. 1745 வாக்கில் வெனிஸ் செனட்டர் யாக்கொப்போ சொரான்ட்ஸோவிடம் இருந்தது. பிறகு மாத்தேயோ கனோனிச்சி என்ற நூல் சேகரிப்பாளர். அவரிடமிருந்து ஜாக்கொமோ துராட்ஸோ. இந்த துராட்ஸோ சாதாரணப் பிரபு இல்லை. ஜெனோவாக்காரர்; வியன்னா அரச அரங்குகளின் இயக்குநராக இருந்து, குளூக்கின் ‘ஒர்ஃபேயோ’ 1762இல் மேடையேறக் காரணமானவர்; பின்னர் ஆஸ்திரியாவின் தூதராக வெனிஸுக்கு வந்தவர். தாம் வாங்குவது என்னவென்று தெரிந்தே வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பின் வந்த தலைமுறைகளுக்கு அது தெரியவில்லை. தொகுதிகள் ஜெனோவா மாளிகையில் உறங்கின. விவால்டி என்றால் பாக் எடுத்து ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதிய கொஞ்செர்த்தோக்களின் மூலக்காரர் என்ற அளவிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டு அவரை அறிந்திருந்தது. அவர் தேவாலயத்துக்கு எழுதினார் என்பதோ நாடகங்கள் எழுதினார் என்பதோ ஏட்டளவுச் செய்தி. பிறகு துராட்ஸோ குடும்பத்தில் பாகப்பிரிவினை வந்தது. நூலகத்தையும் வீட்டுச் சாமான்போல் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஒரு பாதி மார்ச்செல்லோ துராட்ஸோவுக்குப் போனது. அவர் காசாலே மொன்ஃபெராட்டோ நகரத்தை அடுத்த ஒச்சிமியானோவில் வாழ்ந்தவர். 1922இல் இறக்கும்போது, பக்கத்து ஊரான போர்கோ சான் மார்ட்டினோவில் சலேசிய சபையார் நடத்திவந்த கல்லூரிக்கு நூல்களை எழுதி வைத்தார். நம் ஊரில் தொன் போஸ்கோ பள்ளிகள் நடத்துகிற அதே சபை. 1906இல் தஞ்சாவூரில் கால்வைத்தது. டூரின் அதை நிறுவிய தொன் போஸ்கோவின் ஊர்.

1926 இலையுதிர் காலம். கல்லூரிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். பழைய இசை நூல்களை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நல்லவேளை, நேராக வியாபாரியிடம் போகாமல் என்ன விலை பெறும் என்று டூரின் நூலகத்தின் இயக்குநர் லூய்ஜி டோரியிடம் கேட்டார்கள். அவர் பல்கலைக்கழகத்தின் இசை வரலாற்றுப் பேராசிரியர் ஆல்பெர்தோ ஜென்டிலியைப் பார்க்கச் சொன்னார். பெட்டிகளில் வந்து இறங்கியவை 97 தொகுதிகள். அவற்றில் பதினான்கு விவால்டியின் கையெழுத்து. ஸ்திரதெல்லாவின் இசைப் பிரதிகளும் அந்தக் குவியலில் இருந்தன.

ஜென்டிலி உடனே பேப்பருக்குச் சொல்லியிருக்கலாம். கண்டுபிடித்த பெருமை அவருக்கு வந்திருக்கும். அவர் வாயைத் திறக்கவில்லை. செய்தி பரவினால் விலை ஏறும்; வியாபாரிகள் பிய்த்துத் தனித்தனியாக விற்பார்கள். அரசாங்கத்திடம் பணம் கேட்டால், வேறு ஊர் நூலகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடவும் கூடும். தீயில் பலவற்றை இழந்த நூலகத்திடமோ பணமில்லை. யாராவது வாங்கிக் கொடையாகத் தர வேண்டும்.

ரொபெர்தோ ஃபோவா என்ற பங்குத் தரகர் முன்வந்தார். இசையோடு அவருக்குத் தொழில்முறைத் தொடர்பு எதுவுமில்லை. சிறிது காலம் முன்புதான் அவருடைய கைக்குழந்தை மௌரோ இறந்திருந்தது. 1927இல் அந்தத் தொகுதிகளை வாங்கி, மகனின் பெயரை வைக்கச் சொல்லி, நூலகத்துக்குக் கொடுத்தார்.

கொடை கிடைத்த பிறகும் ஜென்டிலி ஓயவில்லை. தொகுதி எண்களைப் பார்த்தார். இடையிடையே எண்கள் விட்டுப்போயிருந்தன. இன்னொரு பாதி எங்கோ இருக்க வேண்டும். துராட்ஸோ வம்சாவளியைக் கிளை கிளையாகத் தேடிப்போய், ஜெனோவாவில் ஜுஸெப்பே மரியா துராட்ஸோ என்ற முதியவரிடம் மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவர் அந்நியரை அண்டவிடாத மனிதர். அவரை இணங்கவைக்க ஜெனோவாப் பிரபு ஒருவரும் ஓர் ஏசுசபைப் பாதிரியாரும் பேசிப் பேசிக் கரைக்க வேண்டியிருந்தது, ஆண்டுகள் ஓடின. மறுபடியும் பணம் இல்லை. ஃபோவாவால் இரண்டாம் முறை கொடுக்க முடியவில்லை. இம்முறை ஃபிலிப்போ ஜோர்தானோ என்ற ஜவுளி ஆலை முதலாளி. அவருக்கும் ஒரு மகன் இறந்திருந்தான். ரென்ட்சோ, நான்கு வயது. 1930இல் இரண்டாம் பாதி வந்து முதல் பாதியோடு சேர்ந்தது: ஃபோவா பதினான்கு, ஜோர்தானோ பதின்மூன்று.

இரண்டு தகப்பன்களும் ஒரே துக்கத்தோடு வந்தது தற்செயல்தான். ஆனால் அவர்கள் செய்த காரியம் தற்செயல் இல்லை. பிள்ளை பெயரில் கல்லறை மண்டபம் கட்டியிருக்கலாம். அந்தக் காலத்துப் பணக்கார இத்தாலியர்கள் அப்படித்தான் செய்தார்கள். இவர்கள் தாம் வாசிக்கத் தெரியாத காகிதத்தை வாங்கிப் பொதுவில் வைத்தார்கள். சின்ன வயதிலேயே போன இரு குழந்தைகளின் பெயர்களை இன்று இசை படிக்கும் மாணவர்கள் தினமும் எழுதுகிறார்கள், ஃபோவா 28 என்றும் ஜோர்தானோ 32 என்றும். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

போர்கோ சான் மார்ட்டினோவையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். டூரினைத் தாண்டிக் கிழக்கே போகப் போக, வெர்ச்செல்லி பக்கம் முழுக்க நெல் வயல். தண்ணீர் கட்டிய பாத்திகளில் கொக்கு மேய்கிறது, பின்னால் பனிமலை. நெல்லையும் பனியையும் ஒரே பார்வையில் கண்டது எனக்கு அதுவே முதல் முறை. காசாலேயில் இறங்கி, அந்த ஊரின் புகழ்பெற்ற ‘க்ரூமிரி’ பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன்; 1878இல் இறந்த மன்னர் விட்டோரியோ இமானுவேலேயின் மீசைபோல் வளைத்துச் சுடுகிறார்கள். அங்கிருந்து கார். போர்கோ சான் மார்ட்டினோ மிகச் சிறிய ஊர். தொன் போஸ்கோ மிராபெல்லோவில் 1863இல் தொடங்கிய கல்லூரியை 1870இல் இங்கே மாற்றினார். பெரிய மரங்களும் சுற்றுச்சுவரும் உள்ள அந்த இடத்தின் எதிரே நின்று பார்த்தேன். கட்டடத்தைப் பழுதுபார்க்க நினைத்ததால்தான் விவால்டியின் பாதி வெளிச்சத்துக்கு வந்தது. கட்டடம் உறுதியாக இருந்திருந்தால் பெட்டிகளை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

கதையின் கசப்பான பகுதியை டூரினுக்குத் திரும்பும் பேருந்தில்தான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஜென்டிலி யூதர். ஃபோவாவும் யூதர். 1938இல் முசோலினி அரசு இனச் சட்டங்கள் கொண்டுவந்து யூதப் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து விலக்கியது. ஜென்டிலியின் பதவி போனது. அடுத்த ஆண்டு, 1939 செப்டம்பரில், சியெனா நகரத்தின் கீஜானா இசைக்கழகத்தில் ‘விவால்டி வாரம்’ நடந்தது. இசையமைப்பாளர் ஆல்ஃபிரேதோ காசெல்லா முன்னின்று நடத்தினார். போலந்தில் போர் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இத்தாலி இன்னும் இறங்கவில்லை. இருநூறு ஆண்டுக்குப் பின் குளோரியா ஒலித்தது அந்த வாரத்தில்தான். டூரின் பிரதிகளைப் பட்டியலிட உழைத்த வயலின் கலைஞர் ஓல்கா ரட்ஜ் அதில் முக்கியமானவர். அவருடைய துணைவரான கவிஞர் எஸ்ரா பவுண்ட் விவால்டிக்காக ஓயாமல் எழுதியவர்; போர்க்காலத்தில் ரோம் வானொலியில் யூதர்களைத் தூற்றிப் பேசியவரும் அவரே. ஒரு யூதர் கண்டெடுத்து, பாதியை இன்னொரு யூதர் காசு கொடுத்து மீட்ட இசை அது. அதைக் கொண்டாட அந்த நாட்டுக்குத் தெரிந்தது. அவர்களை மேடைக்கு அழைக்க அந்த நாட்டுச் சட்டம் விடவில்லை.

போருக்குப் பின் வேலை வேகம் பிடித்தது. 1947இல் அந்தோனியோ ஃபன்னா ‘விவால்டி இத்தாலிய நிறுவனம்’ தொடங்கினார். மிலான் நகரத்து ரிகோர்தி பதிப்பகம் வாத்திய இசை முழுவதையும் வரிசையாக அச்சிட்டது. 1972இல் முடிந்தபோது 530 தொகுதிகள். டேனிஷ் ஆய்வாளர் பேட்டர் ரியோம் எல்லாவற்றுக்கும் வரிசை எண் கொடுத்தார். இன்று இசைத்தட்டில் ‘ஆர்வி’ என்று காண்பது அவருடைய எண்தான். 2000ஆம் ஆண்டு தொடங்கி டூரின் பிரதிகள் முழுவதையும் ஒலிப்பதிவு செய்யும் திட்டம் ஒன்று நடக்கிறது. சுமார் இருபது இசைநாடகங்கள் அதன்வழி காதுக்கு வந்திருக்கின்றன. இருபத்தோராம் நூற்றாண்டில் டிரெஸ்டனில், கலுப்பி என்பவரின் பெயரில் கிடந்த ‘தீக்சித் தோமினுஸ்’ ஒன்று விவால்டியுடையது என்று தெரியவந்ததும் டூரினில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததால்தான்.

இருபத்தேழு தொகுதிகளில் ஒன்றுக்காவது ஜென்டிலியின் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுத்தவர்களின் பெயர் நிலைத்தது நியாயம். முடிந்தவரை வாயை மூடிக்கொண்டு, எண்கள் விட்டுப்போனதைக் கவனித்து, ஜெனோவா வரை துரத்திப்போய் இரண்டு பாதிகளையும் சேர்த்தவரின் பெயர் இசை வரலாற்று நூல்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் இருப்பது நியாயமில்லை. அவர் 1954 வரை உயிரோடு இருந்தார். ரிகோர்தியின் வெளிர்நிற அட்டைத் தொகுதிகள் ஆண்டுக்காண்டு கடைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றின் பதிப்புப் பொறுப்பு இசையமைப்பாளர் மலிபியெரோவிடம் இருந்தது.